ஆல்ஃபிரட் கொளுத்திய காடு

"அந்த வண்டிக்கு நம்பர் பிளேட் இல்லையா?"

படம் தொடங்கியதிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த அப்பா கேட்ட கேள்வி அது. திரையில் பேட்மேனின் கறுப்பு வண்டி கோதம் நகரத்துச் சுரங்கப்பாதைக்குள் சீறிக்கொண்டு போயிற்று. நானும் அண்ணனும், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து எங்களோடு தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மாமா மகனும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. அது 2008ஆம் ஆண்டு முடியும் தறுவாய். நம்பர் பிளேட் இல்லாத வண்டி என்றால் என்னவென்று அந்த வருடத்தில் இலங்கையில் இருந்த எந்தத் தமிழ் வீட்டுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளை வேன் வந்தது, ஆளை ஏற்றிக்கொண்டு போனது, பிறகு தகவல் இல்லை என்று கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. கண்டிக்கு அது வராது என்று நம்ப எங்களுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

படம் கிறிஸ்தோபர் நோலனின் 'தி டார்க் நைட்'. ஜூலையில் உலகமெங்கும் வெளியாகியிருந்தது. அண்ணன் டவுனில் ஒரு கடையில் வாங்கிவந்த டிவிடி கொப்பியில்தான் நாங்கள் பார்த்தோம். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் படம் வெளிவருவதற்கு முன்பே, அந்த ஜனவரியில், இறந்துவிட்டார் என்று மாமா மகன் சொன்னான். செத்துப்போன மனிதர் அப்படிச் சிரிப்பதைப் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தச் சிரிப்பு அல்ல. அந்த நகரம்.

கோதம் எங்களுக்குத் தெரிந்த நகரமாக இருந்தது. கண்டி வாவியைச் சுற்றி வந்து தென்கிழக்கே ஏறினால் அம்பிட்டிய. குருமடத்தால் பேர்பெற்ற ஊர். 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாகத் தொடங்கிய குருமடம் 1955இல் பூனாவுக்குப் போக, அந்த இடத்தில் தேசிய குருமடம் வந்தது. ஹந்தானை மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பேராதனை. பார்க்கிறவருக்கு அமைதியான இடம்தான். ஆனால் இங்கிருந்து டவுனுக்குப் போவதென்றால் அந்த நாட்களில் காவலரண்களைக் கடக்க வேண்டும், பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையை நீட்ட வேண்டும், அதில் பிறந்த இடம் என்ன என்று பார்ப்பார்கள். 1998 ஜனவரி 25இல் விடுதலைப் புலிகள் குண்டு நிரப்பிய லொறியோடு தலதா மாளிகையைத் தாக்கியதிலிருந்து நகரத்தின் முகமே மாறிப்போயிருந்தது. மாளிகைக்கு முன்னால் வாகனம் ஓடிய வீதி மூடப்பட்டது. வழிபட வந்தவர்கள் செத்துப்போனார்கள். அந்தக் குண்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பெருமையாக ஒரு சொல் பேசியதில்லை. அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆகவே ஆஸ்பத்திரியைத் தகர்க்கிற ஜோக்கர் எங்களுக்குக் கற்பனைப் பாத்திரம் இல்லை. அவனைப் பிடிப்பதற்காக எதையும் செய்யலாம் என்று ஒரு நகரம் எப்படித் துணிகிறது என்பதும் கற்பனை இல்லை. இரண்டுக்கும் நடுவே அடையாள அட்டையோடு நிற்கிறவனுக்கு அந்தப் படம் வேறு மாதிரித்தான் தெரியும்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஜோக்கரின் குழப்பத்தைப் பற்றிப் பேசுவார்கள், நாணயத்தைச் சுண்டுகிற ஹார்வி டென்டைப் பற்றிப் பேசுவார்கள். 2001க்குப் பிறகான அமெரிக்காவின் அச்சங்களே படத்தின் கரு என்றும் எழுதியிருக்கிறார்கள். அது சரிதான். எனக்கு அதில் முதலில் உறைத்த காட்சி வேறு. பேட்மேனின் வேலைக்காரர் ஆல்ஃபிரட் ஒரு பழைய கதை சொல்வார். மைக்கேல் கெய்ன் அதைச் சொல்லும் விதம் தாத்தா பேரனுக்குச் சொல்வது போல இதமாக இருக்கும். பர்மாவில் தானும் நண்பர்களும் உள்ளூர் அரசாங்கத்துக்காக வேலை பார்த்தார்களாம். பழங்குடித் தலைவர்களை வசப்படுத்த இரத்தினக் கற்களைக் கொண்டுபோனார்களாம். காட்டில் ஒரு கொள்ளைக்காரன் அவற்றைப் பறித்துத் தூர வீசிக்கொண்டிருந்தானாம். பிறகு படத்தின் பிற்பகுதியில் பேட்மேன் கேட்கிறான், அவனை எப்படிப் பிடித்தீர்கள் என்று. காட்டைக் கொளுத்தினோம் என்கிறார் ஆல்ஃபிரட்.

முதல் தடவை பார்த்தபோது அந்த இடத்தை நாங்கள் கடந்து போய்விட்டோம். வசனத்தின் வீச்சு அப்படி. பல வருடம் கழித்து, மாளிகை முன்றலில் கெப்பெட்டிபொல திசாவையின் நினைவுத்தூணைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வரி திரும்ப வந்து நின்றது. 1817இல் ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி தொடங்கியது. அதை அடக்க அனுப்பப்பட்டவர் கெப்பெட்டிபொல; போன இடத்தில் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் ஊவாவின் கிராமங்களைக் கொளுத்தின, விளைச்சலை அழித்தன, மாட்டைக் கொன்றன. ஒளிந்திருந்தவர்களைப் பட்டினி வெளியே கொண்டுவந்தது. 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிபொலவைக் கண்டி போகம்பரையில் தலை வெட்டிக் கொன்றார்கள். மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்கு எடுத்துப்போனார்கள்; அது ஊர் திரும்ப நூறு வருடத்துக்கு மேலாயிற்று. அந்த மண்டையோடு இருக்கிற நினைவுத்தூண்தான் நான் ஒவ்வொரு நாளும் கடந்து போகிற தூண்.

ஆக ஆல்ஃபிரட் சொன்னது எங்கள் ஊர்க்கதை. காட்டைக் கொளுத்திப் பிடித்தார்கள். அதோடு அந்தக் கதை முடியவும் இல்லை. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பக்கம் சிங்ஹாப்பிட்டியவில் கோப்பி போட்டார். 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுடைமையாகி, ஏக்கர் கணக்கில் விலைபோயின. மலைகளைச் சுற்றியிருந்த காடு வெட்டி எரிக்கப்பட்டது. அந்தச் சாம்பலில் கோப்பிக் கன்று நட, புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்துச் சனங்களை மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடத்திக் கூட்டிவந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் கோப்பிக்கு இலை நோய் வந்தது, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில், எங்கள் மாமா வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால் தெரிகிற மலையில், தேயிலை போட்டுவிட்டிருந்தார். எரிந்த காட்டின் சாம்பலில் வந்தவர்கள் நாங்கள். காடு எரிந்தபோது அதில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஊவாவின் சிங்களக் கிராமத்தான் கேட்க வேண்டிய கேள்வியும், அங்கே நட வந்தவர்கள் ஏன் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் ஒரே தீயிலிருந்து வந்தவை. படத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. பேட்மேனும் கேட்பதில்லை. கதை கேட்டுவிட்டு அவன் நகரத்திலுள்ள எல்லோருடைய தொலைபேசியையும் ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்றப் போய்விடுகிறான்.

நோலனுக்கு அந்தத் தீயின் கனம் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். படத்தின் கடைசியில் அதே ஆல்ஃபிரட் இன்னொன்றையும் எரிக்கிறார். பேட்மேன் நேசித்த, இறந்துபோன ரேச்சல் எழுதி வைத்த கடிதம். உண்மை தெரிந்தால் எசமான் தாங்க மாட்டான் என்று எரிக்கிறார். காட்டை எரித்த கைக்குக் கடிதம் எம்மாத்திரம்?

ஒட்டுக்கேட்கும் அந்தக் கருவியைப் பார்த்து மோர்கன் ஃப்ரீமன் நடித்த லூசியஸ் ஃபொக்ஸ் திகைத்துப்போகிறார். ஒரு மனிதனிடம் இவ்வளவு அதிகாரம் இருக்கக்கூடாது என்கிறார். இது இங்கே இருக்கும்வரை நான் வேலையில் இருக்கமாட்டேன் என்கிறார். படம் முடியும்போது கருவி தானாக அழிந்துவிடுகிறது. படத்தில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை வராத இடம் அதுதான். பறக்கிற மனிதனைக்கூட நம்பிவிடலாம். அவசரத்துக்கு எடுத்த அதிகாரத்தை வேலை முடிந்ததும் கீழே வைக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

எங்கள் நாட்டில் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது அதன் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது. மூன்று வருடத்துக்கு என்றார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2022இல் திருத்தும்வரை, குற்றம் சாட்டாமலே பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம் என்று இருந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவர் முன்னால் கொடுத்த வாக்குமூலத்தையே நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்கலாம். அந்த வாக்குமூலம் எப்படி வந்தது என்று நிரூபிக்கிற சுமை கொடுத்தவன் தலையில். நான் படிக்கிற காலத்தில், எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், தோட்டத்துப் பிள்ளை, டவுனில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்ததற்காக அந்தச் சட்டத்தின் கீழ் உள்ளே போனான். வெளியே வந்தபோது கடிதம் எழுதுகிற கை சரியாக மடங்கவில்லை. சிங்களத்தில் எழுதப்பட்டிருந்த வாக்குமூலத்தில் அவன் கையொப்பம் வைத்திருந்தான். அவனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

அவனை நினைக்கும்போதெல்லாம் விசாரணை அறைக் காட்சி கண்ணுக்குள் வரும். விளக்கு எரிகிறது, ஜோக்கருக்குப் பின்னால் பேட்மேன் நிற்கிறான். கதவுக்கு வெளியே பொலிஸ் அதிகாரி கோர்டனும் மற்றப் பொலிஸ்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, பேட்மேன் அடிக்கிறான். தலையை மேசையில் மோதுகிறான், சுவரில் மோதுகிறான். ரேச்சலும் டென்டும் அடைபட்டிருக்கிற இடங்களென்று ஜோக்கர் சிரித்துக்கொண்டே இரண்டு விலாசம் கொடுக்கிறான். இரண்டும் மாற்றிக் கொடுத்தவை. ரேச்சல் இருக்கிற இடத்துக்கு என்று பேட்மேன் போய்ச் சேருவது டென்ட் இருக்கிற இடம். ரேச்சல் செத்துப்போகிறாள். அடித்து வாங்கிய வார்த்தை இப்படித்தான் இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன வணிகப்படம் எனக்குத் தெரியாது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். உலகம் முழுக்க நூறு கோடி டொலருக்கு மேல் வசூலித்த படம். அந்தக் காட்சியின் பாடத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. பலருக்கு அதில் நினைவிருப்பது ஜோக்கரின் வசனம்தான்.

படத்தின் தொடக்கத்தில் பேட்மேனைப் பார்த்துச் சாதாரண ஆட்களும் முகமூடி போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு இறங்குவார்கள். அதைப் பிற்பாடு நான் மலையகத்தில் நேரில் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற பயம் தோட்டங்களைப் பிடித்தது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்றார்கள். பெண்கள் கொழுந்து பறிக்கப் பயந்தார்கள். ஆண்கள் தடியும் டோர்ச்சும் கத்தியுமாக லயத்தைச் சுற்றிக் காவல் நின்றார்கள். மாமா வீட்டில் நான் தங்கிய இரவுகளில் வெளியூர் ஆள் ஒருவன் வழி கேட்க வந்தால்கூடச் சூழ்ந்துகொண்டார்கள். பல இடங்களில் கூட்டம் ஆட்களை அடித்தது, உயிர்களும் போயின, புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். பூதம் யார் என்பது கடைசிவரை தெளியவில்லை. முறைப்பாடு கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த சனம் வேறு என்ன செய்யும்? முகமூடி மனிதனைப் பற்றிய கதைகள் எல்லாம் கடைசியில் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. சட்டம் நம்மைக் காக்காது என்று தெரிந்த இடத்தில்.

இனிக் கப்பல்.

படம் பார்த்த அன்று அம்மாயி கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து படுக்கப் போக வேண்டியவள் இரண்டு கப்பல்களையும் கண்டதும் உட்கார்ந்துவிட்டாள். "எங்க அக்கா போன கப்பலும் இம்மாம் பெரிசுதான்" என்றாள்.

அம்மாயியின் அக்கா 1970களில் இந்தியா போனவள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்களாயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களில் யாரையும் கேட்கவில்லை. அக்கா குடும்பத்துக்கு இந்தியா வந்தது. அம்மாயி குடும்பத்துக்கு இலங்கை. கண்டியிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். ஸ்டேஷனில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்களாம். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அக்கா கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தாள்; இங்கே பறித்த கொழுந்தை அங்கேயும் பறித்தாள். 1984இல் கப்பல் நின்றது. அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவில்லை.

படத்தின் கப்பல் காட்சி இது. நகரத்தை விட்டுத் தப்பிப் போகிற இரண்டு படகுகள். ஒன்றில் பொதுமக்கள், மற்றதில் கைதிகள். இரண்டிலும் ஜோக்கர் வெடி வைத்திருக்கிறான். ஒவ்வொரு படகிலும் மற்றப் படகை வெடிக்கவைக்கிற விசை இருக்கிறது. நள்ளிரவுக்குள் ஒருவர் மற்றவரை அழிக்காவிட்டால் இரண்டையும் வெடிக்க வைப்பான். பொதுமக்கள் படகில் வாக்கெடுக்கிறார்கள். தாளைக் கிழித்து எழுதித் தொப்பியில் போடுகிறார்கள். கைதிகளை அழிக்கலாம் என்று 396 பேர், வேண்டாம் என்று 140 பேர். முடிவு எடுத்தாயிற்று. ஆனால் விசையைத் திருக யாரும் எழுந்து வருவதில்லை. கடைசியில் ஒருவர் கையில் எடுக்கிறார், பார்க்கிறார், திரும்ப வைத்துவிடுகிறார். மற்றப் படகில் ஆஜானுபாகுவான ஒரு கைதி விசையை வாங்கி ஜன்னல் வழியாகத் தண்ணீரில் எறிந்துவிடுகிறான்.

மாமா மகன் அன்றைக்கே கோபப்பட்டான். சும்மா கதை, நம்ம நாட்டில் என்றால் முதல் நிமிடத்திலேயே திருகியிருப்பார்கள் என்றான். அப்போதுதான் அப்பா இரண்டாவது தடவையாக வாயைத் திறந்தார். 1983 ஜூலையைச் சொன்னார். நாங்கள் அதற்கு முன் முழுசாகக் கேட்டதில்லை.

கொழும்பில் தொடங்கிய எரிப்பு கண்டிக்கு ஜூலை 26இல் வந்தது. அப்பா அப்போது டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்ற இளந்தாரி. மத்தியானத்துக்குப் பிறகு கடைகள் எரியத் தொடங்கின. தமிழர் கடை எது என்று பட்டியல் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்றார் அப்பா. புகைக்குள்ளே வாவிக்கரையால் நடந்து, மேட்டு வளவுகளுக்குள்ளால் அம்பிட்டியவுக்கு ஏறிவந்தார். வீட்டில் தாத்தாவும் அப்பாயியும் அப்பாவின் தங்கச்சியும். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி நான்கு பேரையும் தன் வீட்டுப் பின்னறையில் வைத்துப் பூட்டினாள். இருட்டியதும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் அதே வீதியில் இருந்தவன். ஆச்சி வாசற்படியில் இறங்கி நின்றுகொண்டு, இங்கே தமிழர் யாரும் இல்லை, நான் செத்த பிறகு வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாளாம். அப்பா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். அவர்கள் போய்விட்டார்கள். எங்கள் வீட்டைக் கொளுத்தினார்கள், ஆட்கள் தப்பினார்கள்.

"விசை அந்த மனுசி கையில இருந்திச்சி. எறிஞ்சிட்டா" என்றார் அப்பா.

அந்த வீதிக்காரனை அப்பா பிறகும் இருபது வருடத்துக்கு மேலாகப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவனும் அந்தப் படகில் வாக்குப் போட்ட 396 பேரில் ஒருவன் என்று எனக்குத் தோன்றும். தாளில் எழுதுவது லேசு. 1948இல் பாராளுமன்றத்தில் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களும் யாருடைய கழுத்தையும் நேரில் நெரிக்கவில்லை. 18ஆம் இலக்கச் சட்டம் என்ற ஒரு தாள், ஏழு லட்சம் தோட்டத் தமிழர் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. அதற்கு முந்திய 1947 தேர்தலில் மலையகம் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது, அதுதான் பயம். அந்தத் தாளின் வால்தான் ஒப்பாரிக் கோச்சியும் அம்மாயி அக்காவின் கப்பலும்.

நோலன் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். பெரும்பான்மை தாளில் எழுதிய கொலையை அதே பெரும்பான்மை கையால் செய்யத் தயங்குகிறது. என் அபிப்பிராயத்தில் படத்தின் உயிரே அந்தத் தயக்கம்தான். பேட்மேனால் நடந்தது அல்ல அது. அவன் அந்த நேரத்தில் வேறு கட்டடத்தில் ஜோக்கரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். கோதமைக் காப்பாற்றுவது முகமூடி போடாத, பெயர்கூடச் சொல்லப்படாத ஆட்கள். எங்கள் ஆச்சியைப் போல. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்து, அவசரகால நிலையும் ஊரடங்கும் வந்து, சமூக ஊடகங்களை முடக்கிய அந்த வாரத்திலும் சில இடங்களில் சிங்கள அயலவர்களும் பிக்குமாரும் பள்ளிவாசலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். எத்தனையோ இடத்தில் நிற்கவில்லை என்பதும் உண்மை. நின்ற இடங்கள் இருந்தன என்பதை மாமா மகனும் இப்போது ஒத்துக்கொள்கிறான்.

அதனால்தான் படத்தின் முடிவு எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. கப்பல் காட்சி முடிந்து அரை மணித்தியாலம்கூட ஆகாது. ஹார்வி டென்ட் பழிவாங்கப் போய்க் கொலைகள் செய்து செத்துக் கிடக்கிறான். நீதியின் வெள்ளைக் குதிரை வீரன் என்று நகரம் நம்பிய அரச வழக்கறிஞர். உண்மை தெரிந்தால் மக்கள் நொறுங்கிப்போவார்கள், ஆகவே பழியை நான் ஏற்கிறேன் என்று பேட்மேன் சொல்கிறான், கோர்டன் சம்மதிக்கிறார். எந்த மக்கள் நொறுங்குவார்கள்? உயிர் போகிற நேரத்தில் விசையைக் கையில் வைத்துக்கொண்டு திருகாமல் இருந்த அதே மக்களா? சாவைத் தாங்கியவர்கள் ஓர் உண்மையைத் தாங்கமாட்டார்கள் என்று இரண்டு ஆண்கள் இருட்டில் நின்று தீர்மானிக்கிறார்கள். படம் தன் மிகச் சிறந்த காட்சியைத் தானே நம்பவில்லை.

2012இல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்' அந்தப் பொய்யின் விளைச்சலைக் காட்டியது. எட்டு வருடம் கழித்து, டென்டின் பெயரில் ஒரு சட்டம். அதன் கீழ் ஆயிரம் பேர் பரோல் இல்லாமல் பிளாக்கேட் சிறையில். நகரத்தில் சமாதானம். அந்தச் சமாதானம் ஒரு பொய்யின் மேல் நிற்கிறது என்று கோர்டனுக்குத் தெரியும். எழுதி வைத்த உரையை வாசிக்கத் தைரியமில்லாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார். அதைக் கடைசியில் வாசிப்பது வில்லன் பேன், சிறை வாசலில் நின்றுகொண்டு. நாம் மறைத்த உண்மையை நம்மை அழிக்க வருகிறவன் எடுத்து வாசிப்பான் என்பது நோலனின் மூன்று பேட்மேன் படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த சமூக விமர்சனம்.

நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்தபோது இலங்கையில் போர் முடிந்து மூன்று வருடம். போகம்பரை பெரிய சிறை அப்போதும் நகரத்தின் நடுவில், மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் இருந்தது. 2014இல்தான் அதைப் பல்லேகலைக்கு மாற்றினார்கள். 2011இல் அவசரகாலச் சட்டத்தை நீக்கியிருந்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கவில்லை. 2009இல் ஒரு பொதுமகன்கூடக் கொல்லப்படவில்லை என்று அரசு சொல்லியிருந்தது. 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. அந்தச் சமாதானத்தில் வீதிகள் அகலமாயின, காவலரண்கள் குறைந்தன, நானும் பஸ்ஸிலிருந்து இறங்காமல் டவுனுக்குப் போனேன். அது பொய் என்று சொல்லமாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வடக்கில் தாய்மார் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது கோர்டனின் சட்டைப் பைக்குள் இருந்த தாளைத்தான். 2022இல் அதே சட்டம் கொழும்பில் போராடிய சிங்கள மாணவர் தலைவர்கள்மீது திரும்பியபோது, இது இப்படிப்பட்ட சட்டமா என்று தெற்கில் பலர் கேட்டார்கள். லொட்ஜில் தங்கியிருந்த பையனை நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் உயர்தர வகுப்புக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கிறேன். ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் அந்தக் கப்பல் காட்சியைப் போட்டுக் காட்டுவேன். விசையைத் திருகும் இடத்துக்கு முன்னால் நிறுத்தித் தாளைக் கொடுத்து வாக்கெடுப்பேன். பிள்ளைகள் பெயரெழுதாமல் மடித்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் வேண்டாம் என்கிற கட்சி வெல்லும். ஓரிரு வகுப்புகளில் தோற்றதும் உண்டு. ஒரு வருடம் கலஹாப் பக்கத்திலிருந்து வருகிற மாணவியொருத்தி தாளை வாங்காமல் கையை உயர்த்தினாள்.

"சேர், மத்தக் கப்பல்ல இருக்கிறவங்களுக்கு ஏன் தாள் குடுக்கல?"

படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. கைதிகள் படகில் வாக்கெடுப்பே இல்லை. துப்பாக்கி பிடித்த காவலர்கள், நடுவில் விசையை வைத்துக்கொண்டிருக்கிற அதிகாரி, உட்கார்ந்திருக்கிற கைதிகள். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இத்தனை தடவை பார்த்த காட்சியில் நான் கவனித்திராத இடம் அது. அன்று பாடம் 1948க்குப் போய், 1964க்குப் போய், எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003 சட்டத்தில் வந்து நின்றது. மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

அடுத்த கிழமை படத்தின் முடிவை மாற்றி எழுதிவரச் சொன்னேன். பலர் பேட்மேனை உயிரோடு பிடித்துக் கொடுத்தார்கள். ஒருவன் டென்டைப் பிழைக்க வைத்து வழக்குப் போட்டான். அந்த மாணவி எழுதிய முடிவில் கோர்டன் பேட்மேனிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறார். காலையில் இரண்டு படகிலும் இருந்தவர்களை, கைதிகளையும் சேர்த்து, நகர மண்டபத்துக்கு வரவழைக்கிறார். டென்ட் யாரைக் கொன்றான், ஏன் கொன்றான், நாங்கள் எதைச் செய்யத் தவறினோம் என்று எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் வாசிக்கிறார். வாசித்து முடித்ததும் அந்தப் பெரிய கைதி எழுந்து கேள்வி கேட்கத் தொடங்குகிறான். அவளுடைய கொப்பியில் அந்தக் கேள்விகள் மட்டும் ஒன்றரைப் பக்கம் இருந்தன.